கேட்காத மெசேஜுக்கு ரீலோட் காசு போகிறதா? சிம்மை மாற்றாமல் செய்ய வேண்டியவை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அம்மா முற்கொடுப்பனவு சிம் பாவிக்கிறார். ரீலோட் போட்ட கையோடு கொஞ்சம் காசு குறைந்துவிடுகிறது, அடுத்த நாளும் குறைகிறது. ஒரு குறுகிய எண்ணிலிருந்து நாளாந்தம் சிங்களத்தில் மெசேஜ் வருகிறது. அம்மாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ரீலோட் கடைக்காரர் "சிம்மை மாத்துங்கோ, அதுதான் ஒரே வழி" என்றாராம். ஹொட்லைனுக்கு எடுத்தால் "சேவையை நீங்களேதான் அக்டிவேட் செய்திருக்கிறீர்கள்" என்று பதில். இனி என்ன செய்வது?

சிம்மை மாற்ற வேண்டாம். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி., வட்ஸ்அப், மருந்துக் கடையில் கொடுத்த எண், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எடுக்கும் எண் எல்லாம் அதே ஒன்றுதான். எண்ணைக் கைவிட்டால் அத்தனையும் குழம்பும். அதைவிட முக்கியம், போன காசைத் திருப்பிக் கேட்பதற்கான தடயம் முழுக்க அந்த எண்ணோடுதான் இருக்கிறது. புது சிம் வாங்கினால் நிறுவனத்துக்கு நிம்மதி, உங்களுக்கு நட்டம். புது எண்ணிலும் இதே கதை தொடங்குவதைத் தடுக்க எதுவும் இல்லை.

நான் இந்த எஸ்.எம்.எஸ். சேவைகளின் தொழில்நுட்பப் பக்கத்தில் பல காலம் வேலை செய்தவன். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அந்த மெசேஜுக்குப் பின்னால் மூன்று தரப்பு இருக்கிறது. ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், வேலைவாய்ப்புச் செய்தி, காதல் கவிதை என்று எதையோ தயாரித்து அனுப்புகிறவர் முதல் தரப்பு. நடுவில் அதைத் தொலைபேசி வலையமைப்போடு இணைத்துவிடுகிற தளம். கடைசியாக உங்கள் சிம்மைத் தந்த நிறுவனம். டயலொக்கின் ஐடியாமார்ட், மொபிடெலின் எம்ஸ்பேஸ் போன்ற தளங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. நிரல் எழுதத் தெரிந்த ஒரு மாணவன்கூட ஒரு சேவையை உருவாக்கி, சேர்ந்தவர்களிடமிருந்து நாளுக்குச் சில ரூபாய் பெறலாம். அந்த ஏற்பாடே பிழை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல சேவைகளும் அதில் இருக்கின்றன, அதை நம்பி உழைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மூன்று பேரில் அம்மாவின் பேலன்ஸில் கை வைக்கக்கூடியது சிம் நிறுவனம் மட்டும்தான். மெசேஜ் அனுப்புகிறவர் "இவரிடம் இவ்வளவு எடுங்கள்" என்று கேட்கலாம். எடுப்பது நிறுவனம். எடுத்ததில் தன் பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பதும் நிறுவனம். ஆகவே "அது வேறு கம்பனியின் சேவை, எங்களுக்குத் தெரியாது" என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இது ஒருமுறைக் கட்டணம் அல்ல, சந்தா. ஒருமுறை பதிவாகிவிட்டால் யாராவது நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 150, வருடத்துக்கு 1825 ரூபாய், அதற்கு மேல் வரி. இப்படி மூன்று சேவைகள் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கைப் பாருங்கள். சின்னத் தொகையாக இருப்பதுதான் இதன் பலம். ஐந்து ரூபாய்க்காக யாரும் ஹொட்லைனில் கால் மணித்தியாலம் காத்திருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தவறான சேவைகள் பிழைக்கின்றன.

ரீலோட் போட்டவுடனே ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பேலன்ஸ் இல்லாத நாளில் கட்டணம் எடுக்க முடியாமல் போனால், இப்படியான முறைமைகள் சும்மா இருப்பதில்லை, திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். காசு வந்த கணத்தில் அந்த முயற்சி பலிக்கும். அம்மாவுக்கு ரீலோட்டே முழுதாக வரவில்லை போலத் தோன்றும். கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம், அவர் கையில் எதுவும் இல்லை.

சரி, அம்மா எதையும் கேட்கவில்லை என்கிறீர்கள். நான் நம்புகிறேன். கேட்காமல் சேர்ந்துவிட எத்தனையோ வழிகள் உண்டு. "பரிசு வென்றிருக்கிறீர்கள், இலக்கம் 1ஐ அழுத்துங்கள்" என்று பதிவுசெய்த குரல் அழைப்பு வரும், அழுத்தினால் சேர்ந்தாயிற்று. யாருக்கோ கோல் எடுக்கும்போது பாட்டு ஒலித்து, அதே பாட்டு வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும். திரையில் திடீரென்று ஒரு பெட்டி தோன்றி "ஓகே", "கென்சல்" என்று இரண்டு மட்டும் காட்டும்; மூக்குக் கண்ணாடி இல்லாத நேரத்தில் எதை அழுத்துவோம் என்று சொல்ல முடியாது. பேரப்பிள்ளைகள் போனை வைத்து விளையாடுவது இன்னொரு வழி.

இவற்றைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இணையப் பக்கம் வழியாகச் சேர்வது. வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கை சிம் நிறுவனத்தின் வலையமைப்பு ஊடாகத்தான் போகிறது. இது யாருடைய இணைப்பு என்பது அந்த வலையமைப்புக்குத் தெரியும். கட்டண ஏற்பாடு செய்துகொண்ட பக்கங்களுக்கு அந்தத் தொலைபேசி எண்ணையோ அதற்குப் பதிலான ஓர் அடையாளத்தையோ வலையமைப்பே சேர்த்து அனுப்பும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. அதனால் எண்ணைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. "தொடர்க" என்று ஒரு பட்டன், அதைத் தொட்டால் சந்தா. நேர்மையற்றவர்கள் அந்தப் பட்டனை ஒரு வீடியோவின் பிளே அடையாளத்துக்குக் கீழே ஒளித்துவைப்பார்கள், அல்லது விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியாக வரைவார்கள். வைஃபையில் இருந்தால் இந்த வழி வேலை செய்யாது. அப்போது எண்ணைக் கேட்டு, அதற்கு வரும் இரகசிய எண்ணையும் கேட்பார்கள். "நான் யாருக்கும் என் நம்பரைக் கொடுக்கவேயில்லையே" என்று ஒருவர் சொல்வது முழு உண்மையாக இருந்தும் அவர் பெயரில் சந்தா இருப்பது இதனால்தான்.

அன்ட்ரொய்ட் போனில் கள்ளச் செயலிகளும் உண்டு. ஜோக்கர் என்றும் பிரெட் என்றும் அழைக்கப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்த 1700க்கும் அதிகமான செயலிகளைப் பிளே ஸ்டோரில் நீக்கியதாகக் கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. வோல்பேப்பர், படம் எடிட் செய்வது, மெசேஜ் அலங்காரம் என்று சாதாரண உருவில் வந்து, பின்னால் கட்டண எண்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பின, அல்லது சந்தாப் பக்கத்தைத் தாமே திறந்து தாமே அழுத்தின. சில வகைகள் வந்த இரகசிய எண்ணையும் தாமே வாசித்துப் போட்டுவிடும். ஐபோனில் ஒரு செயலி உங்களுக்குத் தெரியாமல் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாது. அந்த ஆபத்து அங்கே இல்லை.

இனி நிறுத்தும் வழி.

முதலில் மெசேஜை அழிக்க வேண்டாம். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். எண், திகதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். அந்த எண்ணை பிளொக் செய்வதிலும் பயனில்லை. வாசலில் விழும் பத்திரிகையைப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டால் மாதக் கணக்கு நின்றுவிடாது, இதுவும் அப்படித்தான். மெசேஜ் கண்ணில் படாது, காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பழைய மெசேஜ்களில் நிறுத்தும் முறை பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் ஸ்டாப் அல்லது அன்ரெஜ் என்ற சொல்லோடு சேவையின் பெயரைச் சேர்த்து இன்ன எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். நான்கைந்து இலக்கக் குறுகிய எண் என்றால் தாராளமாக அனுப்பலாம், அது உங்கள் நிறுவனத்தின் முறைமைக்குள் இருக்கும் எண். பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்தோ வெளிநாட்டு எண்ணிலிருந்தோ லிங்க் ஒன்றோடு வந்த மெசேஜ் என்றால் பதிலே போட வேண்டாம், லிங்கையும் தொட வேண்டாம். அது வேறு ரகம்.

ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம். ஒன்றை நிறுத்தினால் மற்ற இரண்டு தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். நிறுவனத்தின் செயலியில் அம்மாவின் எண்ணைப் பதிந்து, அக்டிவேட் ஆகியிருக்கும் சேவைகள் எவை என்று பாருங்கள். டயலொக் என்றால் மைடயலொக் செயலியும் #456# மெனுவும் இருக்கின்றன, ஹொட்லைன் 1777. ஹட்ச் 1788. எயார்டெல் சிம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்கோடு இணைந்துவிட்டது, ஆகவே முறைப்பாடும் அங்கேதான். அதேபோல் பழைய எடிசலாட் 2018இல் ஹட்சோடு சேர்ந்தது.

ஹொட்லைனில் தமிழ் மொழியைத் தெரிவுசெய்யுங்கள். காத்திருக்கும் நேரம் கூடினாலும் பரவாயில்லை. அம்மாவின் பிரச்சினையே விளங்காத மொழியில் வந்த ஒன்று, அதைத் தீர்ப்பதும் அவருக்கு விளங்கும் மொழியில் நடக்கட்டும். "இந்த மெசேஜை நிறுத்துங்கள்" என்று கேட்காமல், "இந்த எண்ணில் கட்டணம் எடுக்கும் எல்லாச் சேவைகளின் பெயரையும், ஒவ்வொன்றும் எந்தத் திகதியில் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், இனிமேல் எந்தக் கட்டணச் சேவையும் சேராதபடி எண்ணில் தடை போட முடியுமா என்றும் கேளுங்கள். கடைசியாக முறைப்பாட்டு இலக்கம். அதை வாங்காமல் போனை வைக்க வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் அந்த வசனம் வரும்: "நீங்களேதான் அக்டிவேட் செய்திருக்கிறீர்கள்." இதற்குக் கோபப்பட வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் பேசுகிற பிள்ளை திரையில் தெரிவதை வாசிக்கிறாள். ஆனால் அந்த வசனத்தோடு உரையாடல் முடியவும் கூடாது. சந்தா ஒன்று பதிவானால் அது எந்த வழியில் வந்தது என்பது முறைமையில் பதிவாகியிருக்கும். எஸ்.எம்.எஸ். மூலமா, இணையப் பக்கம் மூலமா, குரல் அழைப்பு மூலமா, எத்தனை மணிக்கு, சம்மதம் கேட்ட வாசகம் என்ன, அது எந்த மொழியில் இருந்தது. நான்கையும் கேளுங்கள். எஸ்.எம்.எஸ். என்றால் அம்மாவின் போனிலிருந்து அந்த நேரத்தில் போன மெசேஜைக் காட்டச் சொல்லுங்கள். இணையம் என்றால் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கேளுங்கள். சம்மதம் தந்தார் என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். தரவில்லை என்பதை அம்மா எப்படி நிரூபிப்பார்? வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு வரியைக் காட்டி, ஒரு பட்டனை அழுத்தவைத்துப் பெற்றதைச் சம்மதம் என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நீங்களும் ஏற்க வேண்டாம்.

இது மிகையான கோரிக்கை என்று யாராவது சொன்னால், மற்ற நாடுகளில் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்காவில் ஏடி அன்ட் டி நிறுவனம் இதே மாதிரிக் கேட்காத எஸ்.எம்.எஸ். சந்தாக்களை வாடிக்கையாளர் பில்களில் ஏற்றிய வழக்கில் 2014 ஒக்டோபரில் 105 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியது. அதில் 80 மில்லியன் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. அந்தச் சந்தாக்கள் பெரும்பாலும் மாதம் 9.99 டொலர், அதில் குறைந்தது 35 சதவீதத்தை நிறுவனமே வைத்துக்கொண்டது என்று அங்குள்ள வர்த்தக ஆணைக்குழு சொன்னது. இந்தியாவில் ஒழுங்குமுறை அமைப்பான டிராய், சேவை தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டாவது தடவையும் உறுதி கேட்க வேண்டும் என்று 2013இல் கட்டாயமாக்கியது. ஒரு தடவை அழுத்தியது போதாது என்பதை அங்கே சட்டமாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இங்கே ஒரு தடங்கல் வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிம் யார் பெயரில் இருக்கிறது? கொழும்பில் எத்தனையோ தாய் தகப்பன்மார் பாவிக்கும் சிம் மகன் பெயரிலோ, வெளிநாடு போய்விட்ட மருமகன் பெயரிலோ, முன்னொரு காலத்தில் வாடகைக்கு இருந்தவர் பெயரிலோ இருக்கிறது. விபரம் கேட்டால் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள், அது பொருந்தாவிட்டால் எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விடுவது சரியும்கூட. அப்படியானால் முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிலையத்துக்குப் போய் உரிமையை அம்மா பெயருக்கு மாற்றுங்கள். ரீலோட் போடும் கொமினிகேஷன் கடை இதற்குச் சரிவராது. இந்தப் பிரச்சினை இல்லாவிட்டாலும் செய்து வைக்க வேண்டிய வேலைதான் இது. வங்கி ஓ.டி.பி. வரும் எண் இன்னொருவர் பெயரில் இருப்பது நல்லதல்ல.

நிறுவனம் மறுத்தால், அல்லது இழுத்தடித்தால், அடுத்த கதவு இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. முகவரி 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதை 1996இல் திருத்திய 27ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு அதிகாரம் கொடுக்கின்றன. சந்தாதாரரின் முறைப்பாட்டை விசாரிப்பது அதன் வேலை, அது உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்தின்படி நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி, சொல்ல வந்ததைப் பாதியில் விடுவதைவிட நல்ல தமிழில் முழுதாகச் சொல்வது எவ்வளவோ மேல். சேவையை விளம்பரம் செய்த விதத்திலேயே ஏமாற்று இருந்தால், உதாரணமாக இலவசம் என்று சொல்லிச் சேர்த்திருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் சொல்லலாம். அவர்களுடைய எண் 1977.

பில் கட்டும் இணைப்பு வைத்திருப்பவர்கள், பிணக்கில் உள்ள தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள். முழுப் பில்லையும் நிறுத்திவைத்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள், பிறகு பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

அம்மாவின் போனிலும் சில வேலை இருக்கிறது. அன்ட்ரொய்ட் என்றால் செட்டிங்ஸில் அப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் எக்ஸஸ், அதற்குள் பிரீமியம் எஸ்.எம்.எஸ். என்று ஒரு பகுதி உண்டு. போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தேடல் பெட்டியில் பிரீமியம் என்று போட்டால் வந்துவிடும். அங்கே ஏதாவது செயலிக்கு அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். எஸ்.எம்.எஸ். வாசிக்கவும் நோட்டிபிகேஷன் வாசிக்கவும் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். டோர்ச் செயலிக்கும் வோல்பேப்பர் செயலிக்கும் அது எதற்கு? அழித்துவிடுங்கள். திரையில் திடீர்ப் பெட்டிகள் வருமானால் சிம் டூல்கிட் என்ற செயலிக்குள் போய் அறிவித்தல்களை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே வாங்குவதைத் தொலைபேசிக் கணக்கில் கழிக்கும் வசதி இருப்பதால் சில நேரம் காசு அந்த வழியாகவும் போகும்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் பேலன்ஸ் குறைந்தால் அது சந்தாவாக இல்லாமலும் இருக்கலாம். டேட்டா பெக்கேஜ் முடிந்த பிறகு போன் பின்னால் இணையத்தைப் பாவித்தால் சாதாரணக் கட்டணத்தில் பேலன்ஸ் கரையும். அவசரத்துக்கு எடுத்த கடன் ரீலோட்டும் அடுத்த ரீலோட்டில் கழியும். முறைப்பாடு எழுதுமுன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நியாயமான முறைப்பாடும் பலவீனமாகும்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்று தயங்குவீர்கள். இப்படி எழுதினால் போதும்:

"எனது பெயரில் உள்ள (எண்) இணைப்பில், நான் கோராத (சேவையின் பெயர்) சேவைக்காக (திகதி) முதல் நாளாந்தம் கட்டணம் அறவிடப்பட்டுள்ளது. எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலேயே மெசேஜ்கள் வந்தன. (திகதி) அன்று முறையிட்டேன், முறைப்பாட்டு இலக்கம் (இலக்கம்). இச்சேவைக்கு நான் சம்மதம் அளித்ததாகக் கூறப்படும் பதிவின் திகதி, நேரம், வழி, வாசகம் ஆகியவற்றை எழுத்தில் தருமாறும், அறவிட்ட முழுத் தொகையையும் திருப்பித் தருமாறும், இனி எனது எழுத்து மூலச் சம்மதமின்றி எந்தக் கட்டணச் சேவையையும் இவ்விணைப்பில் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்."

அம்மா கையொப்பம் இடட்டும். ஸ்கிரீன்ஷொட்களை அச்சடித்து இணையுங்கள். நிறுவனத்துக்கு ஒரு பிரதி, ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதி, இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள் தம்பி. சம்மதப் பதிவு என்று எதையாவது அனுப்பியிருந்தால், அது எந்த வழியில் நடந்திருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.